சேஸ் கவுன்ட்டியின் பழைய கல் கட்டடங்களைப் பார்ப்பது எப்படி

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தின் நடுவில், கொஞ்சம் கிழக்கே தள்ளி இருக்கிறது சேஸ் கவுன்ட்டி, கவுன்ட்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. 2020 கணக்கெடுப்பின்படி மொத்தக் கவுன்ட்டிக்கும் சேர்த்து சுமார் 2,570 பேர்தான். கான்சஸ் சிட்டியிலிருந்து காரில் இரண்டு மணி நேரம், விச்சிட்டாவிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் ஆகும். இவ்வளவு சின்ன இடத்தில் 1870களிலும் 80களிலும் கட்டிய கோர்ட்டு, பள்ளிக்கூடம், மாட்டுப் பண்ணை, பாலம், மாவு மில் எல்லாம் சுண்ணாம்புக்கல்லில் இன்னும் நிற்கின்றன. ஒரு நாளில் ஓட்டமாகப் பார்த்துவிடலாம், ஆனால் இரண்டு நாள் வைத்துக்கொண்டால்தான் நிதானமாகப் பார்க்க முடியும். நான் சொல்வது இரண்டு நாள் கணக்கு.

முதலில் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள். இந்தப் பகுதிக்கு ஃபிளின்ட் ஹில்ஸ் என்று பெயர். மேலே மெல்லிய மண், அதற்கு அடியில் சுண்ணாம்புக்கல், அதற்குள்ளேயே அடுக்கடுக்காக ஃபிளின்ட் என்கிற தீக்கல். அமெரிக்காவின் நடுப்பகுதியில் மற்ற இடங்களிலெல்லாம் புல்வெளியை உழுது சோளமும் கோதுமையும் போட்டார்கள், இங்கே கலப்பை இறங்கவில்லை. அதனால் புல் தப்பித்தது, விவசாயத்துக்குப் பதில் மாடு வளர்ப்பு வந்தது. மரம் ஆற்றங்கரையில் மட்டும்தான், கல்லோ காலடியிலேயே கிடக்கிறது. எதைக் கட்டினாலும் கல்லில் கட்டினார்கள். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு சுற்றினால், கோர்ட்டும் கோழிக் கொட்டகையும் ஒரே கதையின் பகுதிகள் என்று புரியும். இல்லாவிட்டால் ‘அழகான பழைய கட்டடம்’ என்று வரிசையாகப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுவீர்கள்.

கிளம்புவதற்கு முன்

வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேடு ஒன்று அமெரிக்காவில் உண்டு, 1966ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. கவுன்ட்டி வாரியாக அதன் பட்டியல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதைப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லி எழுதிய விண்ணப்பம் ஒன்று இருக்கும், யார் கட்டினார்கள், எந்த வருடம், எந்தப் பகுதி பின்னால் சேர்த்தது, எது மாற்றப்பட்டது என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். அதைப் படித்துவிட்டுப் போய்க் கட்டடத்தின் முன்னால் நிற்பதும் படிக்காமல் போய் நிற்பதும் ஒன்றாகாது. கான்சஸ் வரலாற்றுச் சங்கமும் பழைய கட்டடங்களுக்குத் தனியாக ஒரு இணையப் பதிவு வைத்திருக்கிறது, தேசியப் பதிவேட்டில் இல்லாத சின்னச் சின்னக் கட்டடங்கள்கூட அதில் அகப்படும்.

ஒரு விஷயத்தை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள்: பதிவேட்டில் பெயர் இருந்தால் பொதுமக்கள் உள்ளே போகலாம் என்று அர்த்தமில்லை. பாதிக் கட்டடங்கள் யாரோ ஒருவருடைய வீடு, இல்லாவிட்டால் மேய்ச்சல் நிலம். இன்னொன்றும் உண்டு, சொந்தக்காரர் தன் பணத்திலேயே இடிக்க நினைத்தால் அந்தப் பதிவேடு பொதுவாக அவரைத் தடுக்காது. எனக்கு இது எப்போதும் உறுத்தலான விஷயம். இன்று நிற்கிற கட்டடங்கள் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்கள்தான், சட்டம் இல்லை.

வரைபடத்தை போனில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், குன்றுகளுக்கு நடுவே சிக்னல் போய்விடும். பெட்ரோல், சாப்பாடு இரண்டையும் கிழக்கே 20 மைல் தொலைவில் இருக்கும் எம்போரியாவில் முடித்துவிட்டு வருவது நல்லது. ஸ்டெப்னி டயரில் காற்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இங்குள்ள சரளைச் சாலைகளில் கிடப்பது அதே தீக்கல், விளிம்பு கத்தி மாதிரி கூர்மையாக இருக்கும், டயரைக் கிழித்துவிடும். மெதுவாக ஓட்டினால் பிரச்சினை குறைவு.

எப்போது போகலாம் என்று கேட்டால் மே கடைசியோ ஜூன் முதல் பாதியோ, இல்லாவிட்டால் செப்டம்பர், அக்டோபர். மே மாதம் எங்கும் பச்சை, காட்டுப்பூக்கள். இலையுதிர் காலத்தில் பிக் புளூஸ்டெம் என்கிற புல் ஆள் உயரத்தையும் தாண்டி வளர்ந்து செம்பழுப்பாக நிற்கும். மார்ச், ஏப்ரலில் பண்ணைக்காரர்கள் புல்வெளிக்குத் தீ வைப்பார்கள். புதுப்புல் வருவதற்கும் மரங்கள் முளைத்துவிடாமல் இருப்பதற்கும் வருடா வருடம் செய்கிற வேலை அது. இந்த நிலத்தில் வாழ்ந்த கான்சா, ஓசேஜ் பழங்குடி மக்கள் இந்தப் பண்ணைக்காரர்களுக்கு முன்பே இப்படிப் புல்லை எரித்து வந்தவர்கள். இரவில் குன்றுகளின் மேல் நெருப்பு வரிசையாகப் போவதைப் பார்க்க ஆட்கள் வருவதுண்டு, ஆனால் சாலையைப் புகை மறைத்தால் அதற்குள் வண்டியை விடாதீர்கள்.

காட்டன்வுட் ஃபால்ஸ் கோர்ட்டு

தொடங்க வேண்டிய இடம் இதுதான், மறு யோசனையே வேண்டாம். கவுன்ட்டித் தலைநகர் காட்டன்வுட் ஃபால்ஸில் செங்கல் பாவிய பிராட்வே தெருவின் தெற்கு முனையில் கோர்ட்டுக் கட்டடம் நிற்கிறது. 1871இல் தொடங்கி 1873இல் முடித்தார்கள். வரைந்தவர் ஜான் ஜி. ஹாஸ்கெல், டொபீகாவில் உள்ள மாநிலத் தலைமைச் செயலகக் கட்டடத்திலும் வேலை பார்த்த கட்டடக் கலைஞர். மொத்தச் செலவு சுமார் 42,600 டாலர். கான்சஸில் இன்னும் கோர்ட்டாகவே நடந்துகொண்டிருக்கும் கட்டடங்களில் இதுதான் மூத்தது.

வண்டியைக் கோர்ட்டு வாசலிலேயே நிறுத்திவிடாமல், தெருவின் வடக்கு முனையில் ஆற்றுப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். இரண்டு பக்கமும் பழைய கடைகள், நேர் எதிரே கல் சுவர், அதற்கு மேல் சிவப்பு நிறத்தில் செங்குத்தாகச் சரியும் மான்சார்ட் கூரை, அதன் உச்சியில் கடிகாரம். இந்தக் கூரை பாரிஸில் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் புகழ்பெற்ற பாணி. கான்சஸ் மாநிலமாகி அப்போது பத்தே வருடம், இந்தக் கவுன்ட்டி உருவாகியே 1859இல்தான். அந்த நிலையில் இப்படி ஒரு கட்டடத்துக்குப் பணம் போட்டார்கள் என்றால், ‘நாங்கள் இங்கேயே இருக்கப் போகிறோம்’ என்று எல்லோருக்கும் காட்ட நினைத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். கோர்ட்டு கட்டி முடிந்த அதே 1873இல்தான், பக்கத்தில் கவுன்சில் குரோவ் பகுதியில் மிச்சமிருந்த கான்சா மக்களை அரசாங்கம் இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பியது. மாநிலத்துக்கே அவர்கள் பெயர்தான். கோர்ட்டைப் பார்க்கும்போது இந்த இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

உள்ளே போனால் சுழல் படிக்கட்டைப் பாருங்கள். கருப்பு வால்நட் மரம், காட்டன்வுட் ஆற்றங்கரையில் வெட்டியது. இந்த ஊரில் நல்ல மரம் அபூர்வம் என்று முதலிலேயே சொன்னேன் இல்லையா, கிடைத்ததில் சிறந்ததை இங்கே போட்டிருக்கிறார்கள். கைப்பிடியில் கை வைத்து மெதுவாக ஏறுங்கள். மேலே நீள்வட்ட ஜன்னல் ஒன்று உண்டு, அதன் வழியாகப் பார்த்தால் நடந்து வந்த பிராட்வே தெரு ஆறு வரைக்கும் நேராகத் தெரியும். பழைய சிறையறையும் இந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. வார நாட்களில் வேலை நடக்கிற அலுவலகம் இது, வழக்கு நடந்துகொண்டிருந்தால் சத்தம் போடாமல் ஓரமாக நில்லுங்கள். வார இறுதியில் போவதாக இருந்தால் திறந்திருக்குமா என்று முன்பே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது ஆற்றுப் பக்கம் போய் 1914இல் கட்டிய கான்கிரீட் வளைவுப் பாலத்தையும், ஒரு காலத்தில் மில்லுக்குத் தண்ணீர் தேக்கிய அணையையும் பாருங்கள். பாலத்தில் இப்போது நடந்து போகலாம். தங்குவதற்கு 1884இல் கட்டிய கிராண்ட் சென்ட்ரல் ஹோட்டல் பிராட்வேயிலேயே இருக்கிறது, அறைகள் குறைவு, முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள்.

கல்லை எப்படிப் பார்ப்பது

இதைக் கற்றுக்கொண்டால் அப்புறம் எந்த ஊரின் கல் கட்டடமும் உங்களிடம் பேசும். காலையிலோ சாயங்காலமோ வெயில் சுவரின் மேல் சாய்வாக விழும்போது போங்கள், உச்சி வெயிலில் எதுவும் தெரியாது. முன்பக்கச் சுவரை முதலில் பாருங்கள், கற்களைச் சதுரமாகச் செதுக்கி, ஒரே உயரத்தில் வரிசையாக வைத்திருப்பார்கள். பிறகு பக்கத்துச் சந்தில் நுழைந்து பின்சுவரைப் பாருங்கள், அங்கே பல கட்டடங்களில் கல் ஒழுங்கில்லாமல் கிடைத்தபடி அடுக்கியிருக்கும். தெருவுக்குத் தெரிகிற பக்கத்துக்குத்தான் கல்தச்சருக்குக் கூலி. கடைக்காரரிடம் எவ்வளவு பணம் இருந்தது, அது எங்கே தீர்ந்தது என்பதுகூட இந்தச் சுவர்களில் தெரிந்துவிடும்.

கல்லின் ஓரத்தில் அரை வட்டக் குழல் மாதிரி தடங்கள் வரிசையாக இருக்கிறதா என்று பாருங்கள். குவாரியில் கல்லைப் பிளக்க வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் இரண்டு இரும்புத் தகடுகளை இறக்கி, நடுவில் ஆப்பு வைத்து, வரிசையாகத் தட்டிக்கொண்டே போவார்கள். கல் அந்தக் கோட்டிலேயே பிளக்கும், துளையின் பாதி இந்தக் கல்லில், மறு பாதி அந்தக் கல்லில் தங்கும். அந்தத் தடம்தான் அது. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய சுத்தியல் அடி, விரல் வைத்துத் தொடலாம்.

இன்னும் கிட்டத்தில் போங்கள். இந்தப் பகுதியின் பேர்போன கல்லுக்கே காட்டன்வுட் சுண்ணாம்புக்கல் என்று பெயர், சுமார் ஆறடி கனத்தில் ஒரே சீராகப் பல மைல் தூரத்துக்குப் போகிற அடுக்கு. அதன் மேற்பரப்பில் கோதுமை மணிகளைத் தூவிவிட்டது போலச் சின்னச் சின்ன உருவங்கள் தெரியும். பியூசுலினிட் என்கிற ஒற்றைச் செல் கடல் உயிர்களின் ஓடுகள் அவை, ஏறக்குறைய 29 கோடி வருடத்துக்கு முன்னால் இங்கே ஆழமில்லாத கடல் இருந்த காலத்தவை. குழந்தைகளோடு போனால் இதைத் தேடச் சொல்லுங்கள், அப்புறம் அவர்களைச் சுவரைவிட்டு இழுத்து வருவது கஷ்டம்.

ஸ்ட்ராங் சிட்டி வழியாகப் பண்ணைக்கு

ஆற்றைத் தாண்டி வடக்கே இரண்டு மைலில் ஸ்ட்ராங் சிட்டி. சான்டா ஃபே ரயில் பாதை காட்டன்வுட் ஃபால்ஸைத் தொடாமல் இங்கே போனதால் முளைத்த ஊர், பெயர்கூட அந்த ரயில்வேயின் தலைவர் வில்லியம் பார்ஸ்டோ ஸ்ட்ராங் பெயர்தான். குவாரிக் கல் இங்கிருந்துதான் ரயில் ஏறி வெளியூர் போனது. ரயில் நிலையம், பழைய ஓபெரா ஹவுஸ் இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகரலாம். முரட்டுக் குதிரை, காளை மேல் ஏறிச் சவாரி செய்கிற போட்டிக்கு ரோடியோ என்று பெயர், 1938இலிருந்து பேர்போன ஃபிளின்ட் ஹில்ஸ் ரோடியோவும் இந்த ஊரில்தான், அது நடக்கும் ஜூன் வார இறுதியில் அறை கிடைப்பது கஷ்டம், தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

177ஆம் எண் சாலையில் இன்னும் இரண்டு மைல் வடக்கே போனால் டால்கிராஸ் பிரெய்ரி தேசியப் பாதுகாப்பகம். 1996இல் அமைத்தது, கிட்டத்தட்ட 10,900 ஏக்கர். நிலத்தில் பெரும்பகுதி நேச்சர் கன்சர்வன்சி என்கிற தொண்டு நிறுவனத்துடையது, நடத்துவதில் தேசியப் பூங்காத் துறையும் கூட்டு. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒரு காலத்தில் வட அமெரிக்காவில் 17 கோடி ஏக்கரில் பரவியிருந்த உயரப்புல்வெளியில் மிச்சம் 4 சதவீதத்துக்கும் குறைவு, அதிலும் பெரும்பகுதி இந்த ஃபிளின்ட் ஹில்ஸில்தான்.

இங்கே புல்லையும் காட்டெருமைகளையும் பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம், கட்டடங்களை அவசரமாகக் கடந்து போய்விடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், இங்கே அரை நாள் ஒதுக்குங்கள். ஸ்டீஃபன் எஃப். ஜோன்ஸ் என்கிற மாட்டுப் பண்ணை முதலாளி 1881இல் கட்டிய 11 அறை வீடு, மறு வருடம் கட்டிய மூன்று மாடிக் கல் கொட்டகை, சுற்றிலும் துணைக் கட்டடங்கள். இதற்கு ஸ்பிரிங் ஹில் ராஞ்ச் என்று பெயர், 1997இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். வீட்டின் மேல் மறுபடியும் அதே மான்சார்ட் கூரை, கோர்ட்டில் பார்த்த கண்ணுக்கு உடனே பிடிபடும்.

வீட்டைவிட எனக்குக் கொட்டகைதான் பிடிக்கும். மேட்டுச் சரிவில் கட்டியிருப்பதால் மேல் பக்கத்திலிருந்து சாய்தளம் வழியாக வண்டியை மேல் மாடிக்கே ஓட்டிப் போகலாம். வைக்கோலை மேலே இறக்கிவைத்து, கீழே கட்டியிருக்கும் விலங்குகளுக்குத் தள்ளிவிட்டால் போதும், யாரும் தூக்கிச் சுமக்க வேண்டாம். சரிவை வீணாக்காமல் வேலைக்காரனாக்கியிருக்கிறார்கள். உள்ளே நின்று சுவரின் கனத்தையும் மேலே உத்தரங்களையும் பார்த்துவிட்டு வெளியே வந்து கோழிக் கொட்டகையைத் தேடுங்கள். கோழிக்குக்கூடக் கல் சுவர், மேலே மண்ணும் புல்லும் போட்ட கூரை. கழிப்பறையும் கல்தான், மூன்று பேர் ஒரே நேரத்தில் உட்காரலாம்.

அங்கிருந்து புல்வெளிக்குள் நடந்தால் குன்றின் மேல் ஒற்றையறைப் பள்ளிக்கூடம் ஒன்று தெரியும். லோயர் ஃபாக்ஸ் கிரீக் பள்ளி, 1882இல் கட்டியது, 1930 வரைக்கும் பாடம் நடந்தது. பக்கத்தில் வேறு கட்டடமே கிடையாது. உள்ளே பெஞ்சுகள் போட்டுப் பழையபடி வைத்திருக்கிறார்கள், ஆனால் எல்லா நாளும் திறப்பதில்லை, பார்வையாளர் மையத்தில் கேட்டுவிட்டு நடங்கள். வெயில் நாளில் தண்ணீர் கட்டாயம், வழியில் நிழல் என்பதே இல்லை.

காட்டெருமைகளை 2009இல் தெற்கு டகோட்டாவின் விண்ட் கேவ் பூங்காவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அவை மேயும் இடத்துக்குள்ளேயே நடைபாதை போகிறது. குறைந்தது 100 கஜம் தள்ளியே நில்லுங்கள், படத்துக்காகக் கிட்டே போகவே போகாதீர்கள்.

நடக்கும்போது கல்வேலிகளையும் கவனியுங்கள். 1867இல் திறந்தவெளி மேய்ச்சலை ஒழித்து, நாலரை அடி உயரத்துக்குக் கல்வேலி போடுகிறவர்களுக்கு ஒரு ராடு நீளத்துக்கு, அதாவது பதினாறரை அடிக்கு, 40 சென்ட் தருவதாகச் சட்டம் செய்தார்கள். சாந்து இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிய வேலி. அடிப்பகுதி அகலம், மேலே போகப் போகக் குறுகல், அங்கங்கே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை நீளும் கட்டுக்கல். முள்கம்பி மலிவாகக் கிடைத்ததும் இந்த வேலை நின்றுபோனது. வேலி மேல் ஏறாதீர்கள், உட்காராதீர்கள், ஒரு கல் நகர்ந்தாலும் பக்கத்துக் கற்கள் சேர்ந்து சரியும்.

இரண்டாம் நாள்: மேற்கே பாலமும் மில்லும், தெற்கே மாட்ஃபீல்ட் கிரீன்

50ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் கிளெமென்ட்ஸ். ஊர் என்று சொல்ல இப்போது பெரிதாக எதுவும் இல்லை, ஆனால் தெற்கே ஆற்றின் மேல் 1886-87இல் கட்டிய இரட்டை வளைவுக் கல் பாலம் நிற்கிறது. வண்டிகள் போவதில்லை, நடக்கலாம். மேலே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினால் பாலத்தைப் பார்த்ததாகவே ஆகாது, கரை காய்ந்திருந்தால் கொஞ்சம் இறங்கிப் பக்கவாட்டில் நின்று வளைவைப் பாருங்கள். ஆப்பு வடிவத்தில் செதுக்கிய கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். கட்டும்போது கீழே மரச்சட்டம் வைத்து, அதன் மேல் இரண்டு பக்கமிருந்தும் அடுக்கிவந்து, நடு உச்சிக் கல்லை இறக்கிய பிறகுதான் சட்டத்தை எடுப்பார்கள். அதுவரைக்கும் வளைவு தானாக நிற்காது. மழைக்குப் பிறகு ஆற்றோரம் இறங்காதீர்கள், தாழ்வான சாலைக் கடவுகளில் தண்ணீர் ஓடினால் காரையும் விடாதீர்கள், காட்டன்வுட் ஆறு வெள்ளத்துக்குப் பேர்போனது.

இன்னும் மேற்கே சீடர் பாயின்டில் அணையும் 1870களின் கல் மாவு மில்லும். மில் உள்ளே போகிற நிலையில் இல்லை, எதிரே நின்று பாருங்கள் போதும்.

பிறகு 177ஆம் எண் சாலையிலேயே தெற்கே இறங்குங்கள். இந்தப் பயணத்திலேயே அழகான சாலை இதுதான், வேகம் வேண்டாம். எதிரே வருகிற பிக்கப் வண்டிக்காரர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார், நீங்களும் தூக்குங்கள், அதுதான் இங்கே வணக்கம். மாட்ஃபீல்ட் கிரீன் ஊருக்குச் சற்று முன்பே பயோனீர் பிளஃப்ஸ் பண்ணை வரும். சார்லஸ் ராக்லர் என்கிற குடியேறி 1859இல் தொடங்கிய பண்ணை, 1908இல் கட்டிய வெள்ளை வீடு, கொட்டகைகள். இப்போது ஒரு தொண்டு அமைப்பு பராமரிக்கிறது.

பயோனீர் பிளஃப்ஸுக்கு முன்பே வழியில் பசார் என்கிற சிற்றூர் வரும். அதற்குத் தென்மேற்கே மேய்ச்சல் நிலத்தில், 1931 மார்ச் 31ஆம் தேதி விழுந்த விமானத்துக்கு நினைவுக்கல் இருக்கிறது. நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னி உட்பட எட்டுப் பேர் இறந்தார்கள். மரத்தால் செய்த இறக்கை உடைந்ததுதான் காரணம், அதற்குப் பிறகு மர இறக்கை விமானங்கள் மேல் பயணிகளுக்கு நம்பிக்கை போய், முழு உலோக விமானங்கள் சீக்கிரமே வந்தன. நினைவுக்கல் தனியார் நிலத்துக்குள் இருக்கிறது, சொந்தக்காரர் அனுமதியில்லாமல் வேலி தாண்டாதீர்கள். அனுமதி கிடைத்துப் போனால், கேட் திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியபடியும் விட்டுவிட்டு வாருங்கள், மாடு மேய்கிற ஊரில் இது முதல் பாடம்.

அனுமதி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, கான்சஸ் டர்ன்பைக் என்கிற சுங்க நெடுஞ்சாலையில் மாட்ஃபீல்ட் கிரீன் ஓய்விடத்தில் ராக்னிக்கு ஒரு நினைவுக் காட்சி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஊரிலிருந்து அந்த ஓய்விடத்துக்கு நேர் வழி கிடையாது. கான்சஸ் சிட்டிக்குத் திரும்புகிறவர்கள் 177இல் தெற்கே கசோடே வரை போய் டர்ன்பைக்கில் வடக்கு நோக்கி ஏறினால் ஐந்து மைலில் வந்துவிடும். விச்சிட்டாக்காரர்கள் வரும்போதே டர்ன்பைக்கில் எம்போரியா வரை வந்து, வழியில் இதைப் பார்த்துவிட வேண்டும், திரும்பும்போது கசோடேயில் ஏறினால் இது பின்னால் போய்விடும். சுங்கச்சாவடியில் இப்போது காசு வாங்குவதில்லை, கேமரா நம்பர் பிளேட்டைப் பதிவு செய்து பில் அனுப்பும். வாடகைக் காரில் போகிறவர்கள் சுங்கத்துக்கு எப்படிக் கணக்கு போடுவார்கள் என்று வண்டி எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.